எட்டாத கை

"எட்டாத கையை எதுக்கு கோச் நீட்டணும்?" என்று கேட்டாள் ஜெனிட்டா.

பயிற்சியாளர் பர்வீன் ஸ்டாப்வாட்ச் கயிற்றில் விழுந்திருந்த சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஜெனிட்டாவின் இடது கை முழங்கைக்குக் கீழே நான்கு விரற்கடையோடு முடிந்துவிடும். பிறவியிலேயே அப்படி.

மார்பு நீச்சலில் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். அவளுக்கு விதி சற்று வேறு. நீளமான கை தொட்டால் போதும். ஆனால் குட்டைக் கையும் முன்னால் நீண்டிருக்க வேண்டும்.

கடைசி ஐந்து மீட்டரில் அது தானாக விலாவுக்குள் ஒடுங்கிவிடும். இரண்டு போட்டிகளில் முதலில் வந்தாள். இரண்டிலும் நடுவர் கையை உயர்த்தினார். தகுதி நீக்கம்.

இன்று மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில இறுதிப் போட்டி. முதலிடம் என்றால் தேசியப் போட்டி. இல்லையென்றால் நீச்சலை விட்டுவிடுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தாள். வயது முப்பத்தொன்று.

"சுவரைத் தொடாத கை. நீண்டா என்ன, மடங்குனா என்ன?"

"இப்ப அது எங்க இருக்குக்கா?" பர்வீன் அவளைவிட நான்கு வயது இளையவள்.

ஜெனிட்டா குனிந்து பார்த்தாள். துண்டுக்கு அடியில் இருந்தது.

"குளிருது கோச்."

"மே மாசத்துல."

பர்வீன் துண்டை உருவினாள். ஸ்டாப்வாட்ச் கயிற்றை அந்தக் குட்டைக் கையில் மாட்டினாள்.

"மேடை வரைக்கும் கொண்டு வாங்க. வலது கை படக்கூடாது."

"விழுந்துட்டா?"

"உடையும். என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு."

குதிக்கும் மேடைக்கு ஐம்பது மீட்டர். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கேலரி நிறைய ஆட்கள்.

ஜெனிட்டா நடந்தாள். கை சற்றுத் தாழ்ந்தாலும் கயிறு வழுக்கியது. உயர்த்தினாள். மறுபடி வழுக்கியது. இன்னும் நீட்டினாள்.

மேடையருகே பர்வீன் வாட்சைக் கழற்றிக்கொண்டாள்.

"எத்தனை பேரு பார்த்தாங்க?"

ஜெனிட்டா யோசித்தாள்.

"தெரியல கோச். நான் வாட்சைத்தான் பார்த்துட்டு வந்தேன்."

பர்வீன் துண்டைத் தன் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

விசில் ஒலித்தது.

நூறு மீட்டரில் தொண்ணூறு மீட்டர் வரை ஜெனிட்டாவுக்கு எல்லாம் நினைவிருந்தது. பிறகு மூச்சு முட்டியது. தோள் எரிந்தது. சுவர் வந்தது. வலது கை தொட்டது.

பக்கத்தில் இன்னொருத்தி சுவரைத் தொடும் சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது.

முன்பும் இரண்டு முறை அப்படித்தான் கேட்டது.

நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை. முகத்தைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கிடந்தாள். நடுவரின் செருப்புச் சத்தம் ஈரத் தரையில் நெருங்கி வந்தது. தலைக்கு நேரே நின்றது. நெடுநேரம் நின்றது போலிருந்தது. அடுத்த தடத்துக்கு நகர்ந்தது.

பர்வீன் விளிம்பில் மண்டியிட்டாள்.

"முடிஞ்சிருச்சுக்கா. நடுவர் கை தூக்கல. கையை இறக்குங்க."

"எந்தக் கையை?" என்றாள் ஜெனிட்டா.