ஏழாவது குழாய்

மலைமேல் சுரங்கம். சுரங்கம் கழித்த சாம்பல் நிறச் சேற்றை ஒரு மண் அணை தாங்கி நின்றது. அணைக்குக் கீழே நாற்பது வீடுகள்.

அந்த அணையை ஒன்பது வருடம் அளந்தவள் பூரணி. அளந்ததை அப்படியே எழுதினாள், வேலை போயிற்று. இப்போது அந்த நாற்பதில் ஒரு வீட்டில் இருந்தாள். அணையின் பாதுகாப்பு அதிகாரி திருமேனி, யாருக்கும் தெரியாமல் அவளிடம் பாடம் கேட்க வருவார். அவளைவிடப் பத்து வயது மூத்தவர். இருந்தாலும் "அம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

அன்று கையில் வரைபடத்தோடு வந்தார்.

"அணை பத்திரமா இருக்குன்னு நாளைக்குக் கையெழுத்துப் போடணும். ஒரு சந்தேகம், அம்மா."

"கேளுங்க சார்."

"அணைக்குள்ள தண்ணி எவ்வளவு ஏறியிருக்குன்னு காட்ட பன்னிரண்டு குழாய். ஏழாவதுல மட்டும் மார்கழியிலிருந்து வாரம் ஒரு சாண் ஏறுது. குழாய் பழுதுன்னு மேல சொல்றாங்க. எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"என் காலத்துல இருபது இருந்துச்சே?"

"எட்டு பழுது. அடைச்சாச்சு."

"எந்த எட்டு?"

வரைபடத்தில் விரலை ஓட்டினார். "அதிகமாக் காட்டினது."

"கம்மியாக் காட்டினது ஒண்ணாவது பழுதாச்சா?"

அவர் வரைபடத்தை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

வெளியே குலவைச் சத்தம். பூரணி எழுந்தாள்.

"வாங்க. கிணத்துக்குப் பொங்கல் வைக்கறாங்க."

தெருக்கோடியில் பொதுக்கிணறு. சுவருக்கு மஞ்சள் பூசி வேப்பிலை கட்டியிருந்தார்கள். பானையருகே இருந்த செல்லக்கனி அவரைப் பார்த்துவிட்டாள்.

"வாங்க ஆபீசரய்யா! எட்டு முழம் கயிறு விட்டு இறைச்ச கிணறு. இந்தச் சித்திரை வெயில்ல குனிஞ்சு மொள்ளுறோம். ஆத்தா கண்ணத் தொறந்துட்டா!"

"மழை பெஞ்சுதா?"

"எங்க பெஞ்சுது? மார்கழியிலிருந்து ஒரு சொட்டு இல்ல. ஆனா தண்ணி மட்டும் வாரத்துக்கு ஒரு சாண் ஏறிக்கிட்டே வருது."

திருமேனி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். தண்ணீர் சாம்பல் நிறத்தில் இருந்தது. பூரணி பக்கம் திரும்பினார்.

"இவங்ககிட்ட நீங்க சொல்லலையா, அம்மா?" குரல் இறங்கியிருந்தது.

"சொன்னேன். வேலை போன வயித்தெரிச்சல்னு சிரிச்சாங்க. 'அணை பத்திரமா இருக்கு'ன்னு சுரங்க வாசல்ல போர்டு இருக்கே, அதைக் காட்டினாங்க. கீழே உங்க கையெழுத்து."

செல்லக்கனி முதல் பொங்கலை வாழையிலையில் வைத்து நீட்டினாள். அதிகாரியின் கைகள் மேலெழவில்லை. பூரணி அதை வாங்கி, அவர் கையிலிருந்த வரைபடத்தின்மேல் வைத்தாள்.

"நாளைக்கு நான் என்ன எழுத, அம்மா?"

"இந்தக் கிணறும் பழுதுன்னு எழுதுங்க, சார்."