சக்கரம் நின்ற கோடை

அருவிக்கரையில் பொன்னன் என்ற நீர்நாய் மூங்கிலால் ஒரு பெரிய சக்கரம் செய்து நிறுத்தியது. தண்ணீர் விழுந்ததும் சக்கரம் சுழன்றது. காடே வாயைப் பிளந்து பார்த்தது.

"அம்மாடி! யாருமே தொடலை, தானா சுத்துதே!" என்றது முயல் செம்பி.

செம்பி அந்தச் சக்கரத்தோடு ஓலை விசிறி ஒன்றைக் கட்டியது. அந்தக் காற்றில் கிழங்கு வற்றல் உலர்த்தி விற்றது. குரங்கு தாவனும் ஒரு விசிறி கட்டித் தினை தூற்றியது. கரடி மொக்கையன் செக்கையே கொண்டுவந்து பூட்டி, இலுப்பை எண்ணெய் ஆட்டியது. பக்கத்துக் காடுகளிலிருந்தெல்லாம் கூட்டம் வந்தது. அப்படியொரு வியாபாரம்!

கோடை வந்தது. அருவி மெலிந்தது. சக்கரம் திணறியது.

"மொக்கையண்ணே, செக்கைக் கழற்றுங்க!" என்று கத்தியது தாவன்.

"முதல்ல நீ விசிறியைக் கழற்று! எனக்கு ஒரு செக்கு போதலை!" என்று உறுமிய கரடி, இன்னொரு செக்கையும் பூட்டியது.

மடார்! அச்சு முறிந்தது.

"புது அச்சு செதுக்கப் பத்து நாள் ஆகும்" என்றது பொன்னன்.

"நறுக்கின கிழங்கு மலையாக் கிடக்கே! எல்லாம் அழுகிடுமே! என் குட்டிகளுக்கு எதைக் கொடுப்பேன்?" என்று அழுதது செம்பி. வேறு வழி தெரியாமல் கிழங்கை மொட்டைப் பாறையில் பரப்பிவிட்டு, அருகிலேயே சோர்ந்து உட்கார்ந்தது.

உச்சிவெயில் கொளுத்தியது. சாயங்காலம் செம்பி ஒரு துண்டை எடுத்துக் கடித்தது. மொறுக்கென்று உடைந்தது!

"எல்லாரும் ஓடி வாங்க! விசிறியில மூணு நாள் ஆகும். வெயில் ஒரே நாள்ல காய வெச்சிடுச்சு!"

மறுநாள் தாவன் தினையைக் குன்றின் உச்சிக்குச் சுமந்து போனது. ஒரு கை அள்ளி மலைக்காற்றில் வீசியதுதான் தாமதம்! உமியெல்லாம் பொன் தூளாக வானத்தில் பறந்தது. தினைமணிகள் மட்டும் காலடியில் பொலபொலவென்று விழுந்தன.

மொக்கையன் அண்ணாந்து பார்த்தபடி நின்றது. "யப்பா! இவ்வளவு பலம் நம்ம தலைக்கு மேலேயே இருந்திருக்கு. நாம ஒரு சக்கரத்துக்கு அடிச்சுக்கிட்டோமே!"

பதினோராம் நாள் புது அச்சில் சக்கரம் ஏறியது. மொக்கையன் ஒரே ஒரு செக்கை மட்டும் பூட்டியது. மெலிந்த அருவியே அதை லேசாகச் சுழற்றியது. எண்ணெய் வழிந்தது.

தொழில்கள் பெருகும்போது எல்லாரும் ஒரே சக்தியைப் பிடித்து இழுக்காமல், அவரவர் வேலைக்கு ஏற்ற சக்தியைத் தேடிக்கொண்டால் எவர் தொழிலும் நிற்காது.