கடைசித் தெருவுக்கு ஒரு தண்ணீர் வண்டி

பெயர்தான் ஏகாந்தசாமி. அவருடைய மடத்தில் எந்நேரமும் கூட்டம்தான். புருஷன் பெண்டாட்டி சண்டையிலிருந்து காணாமல் போன கன்றுக்குட்டி வரைக்கும் எல்லா வழக்கும் அங்கே வரும். சாமி பாதிக்குப் பதில் சொல்வார், மீதிக்குச் சும்மா இருப்பார். சும்மா இருந்ததற்குத்தான் அவருக்குப் பேர் அதிகம்.

அவருடைய சீடர்களில் கோமதிநாயகம் வயதில் மூத்தவர். சாமியைவிடவும் மூத்தவர் என்பதால் சாமி அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். மடத்துக்கு வருவதற்கு முன்னால் கோமதிநாயகம் வண்டி செய்கிற ஆசாரியாக இருந்தவர். கெட்டிக்காரர்தான். ஆனால் அவரைவிடக் கெட்டிக்காரர் ஒருவர் அதே சீமையில் பிறந்து தொலைத்துவிட்டார். அவர் பெயர் திரவியம். இரண்டு பேரும் ஒரே பட்டறையில் தொழில் படித்தவர்கள்.

கோமதிநாயகம் வண்டி செய்து கொடுத்தால் ஜனங்கள் வாயாரப் புகழ்வார்கள். திரவியம் செய்து கொடுத்தால் ஒன்றும் சொல்லாமல் மாட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் அடுத்த வண்டிக்கு அவரிடம்தான் வருவார்கள். கோமதிநாயகத்தால் இதைப் பொறுக்க முடியவில்லை. திரவியத்தின் பட்டறைப் பக்கம் போகாமல் இருக்கச் சந்தைக்கே சுற்று வழியில் போனவர் அவர். கடைசியில் வெறுத்துப் போய் உளியையும் மரம் அறுக்கிற வாளையும் விற்றுவிட்டுக் காவி கட்டிக்கொண்டார். ஊர் அதை வைராக்கியம் என்றது. வயிற்றெரிச்சல் என்று அவருக்குத்தான் தெரியும். காவி கட்டினால் காது செவிடாகிவிடுமா? திரவியம் என்ற பெயர் எங்கே கேட்டாலும் அவர் கையில் ஜபமாலை நின்றுவிடும்.

அந்த வருஷம் கோடைக்கு முன்னால் நகரசபைச் சேர்மன் மடத்துக்கு வந்தார். மனிதர் நடுங்கிப் போயிருந்தார். அதற்குக் காரணம் இருந்தது. முந்தின கோடையில் அவருடைய மச்சினர்தான் நகரசபைக்குத் தண்ணீர் வண்டிகள் செய்து கொடுத்தார். வண்டி ஆற்றில் நிரம்பிப் புறப்படும். கடைசித் தெருவுக்கு வந்து சேரும்போது தொட்டியில் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்காது, அத்தனையும் வழியில் ஒழுகியிருக்கும். கடைசித் தெருப் பெண்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் காலி மண்குடங்களோடு நகரசபை வாசலுக்கு வந்து எல்லாவற்றையும் போட்டு உடைத்தார்கள். சேர்மன் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போனார்.

இந்த வருஷம் தன் ஆட்கள் யார் வண்டியைப் பார்த்தாலும் ஊர் நம்பாது என்று சேர்மன் சொன்னார். வண்டி எப்படி இருக்க வேண்டும் என்று மடத்து ஆள் ஒருவர் எழுதித் தர வேண்டும். அதைத் தெருத்தெருவாக ஒட்டுவார்கள். செய்கிறவர்கள் ஆளுக்கு ஒரு வண்டியை மாதிரிக்குக் கொண்டுவந்து மடத்தில் விட வேண்டும். மடத்து ஆள் பார்த்து, தேறும் தேறாது என்று காரணத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதையும் ஒட்டுவார்கள். தேறியவர்களின் விலைக் கவரை எல்லார் முன்னாலும் பிரித்து, குறைந்த விலைக்காரருக்கு வேலையைக் கொடுத்துவிடுவார்கள்.

சாமி கோமதிநாயகத்தைப் பார்த்தார். மடத்தில் வண்டியைப் பற்றித் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

கோமதிநாயகத்துக்கு உள்ளுக்குள் என்னவோ சுரந்தது. நகரசபை வேலை என்றால் திரவியம் வராமல் இருக்க மாட்டார். இத்தனை வருஷம் சந்தையில் வெல்ல முடியாதவரை ஒரு தாளிலே வென்றுவிடலாம்.

மறுநாள் முழுக்க உட்கார்ந்து எழுதினார். காவி கட்டிய நாளிலிருந்து அவர் இவ்வளவு சந்தோஷமாக எந்த வேலையும் செய்ததில்லை. செய்கிறவருடைய பட்டறை ஆற்றுக்கு இந்தக் கரையில் இருக்க வேண்டும் என்று எழுதினார். பழுது வந்தால் உடனே ஓடி வர வேண்டாமா? திரவியத்தின் பட்டறை அந்தக் கரையில் இருந்தது. தொட்டி தேக்கில்தான் இருக்க வேண்டும் என்று எழுதினார். திரவியம் இரும்புத் தகட்டில் செய்வார். நகரசபைக்கு முன்பே வேலை செய்து பழகியவராக இருக்க வேண்டும் என்று எழுதினார். திரவியம் சர்க்கார் வாசலை மிதித்ததே இல்லை. பின்னால் வம்பு வழக்கு வராமலிருக்க, கையெழுத்துப் போடத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் எழுதினார். திரவியம் கைநாட்டு.

ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. கோமதிநாயகமே படித்துப் பார்த்து, நியாயத்துக்கு என்ன குறை என்று தன்னைக் கேட்டுக்கொண்டார்.

தாளை எடுத்துக்கொண்டு சாமியிடம் போனார். சாமி முற்றத்தில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமல் முழுவதையும் கேட்டார்.

“தண்ணி வண்டிங்கற வார்த்தைய மட்டும் விட்டுட்டு, இன்னொரு தடவ படிங்க அண்ணாச்சி” என்றார்.

கோமதிநாயகம் படித்தார். இந்த முறை சாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“என்னத்த வாங்கப் போறாகன்னு வெளங்கல. யாருட்ட வாங்கக் கூடாதுன்னு நல்லா வெளங்குது. ஆளு முகமே முன்னால வந்து நிக்கு.”

கோமதிநாயகம் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

“மாறுகண்ணு இருக்கக் கூடாதுன்னு மட்டும் எழுதாம விட்டுட்டீங்க.”

திரவியத்துக்கு இடது கண் கொஞ்சம் மாறு. அதை எழுதலாமா என்று கோமதிநாயகம் உண்மையிலேயே யோசித்திருந்தார். அவருக்கு உடம்பெல்லாம் கூசிப் போய்விட்டது. தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சாமிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“எனக்கு அவன்மேல பொறாம, சாமி. இந்தக் காவிக்குள்ள அதத்தான் பொத்தி வச்சிருக்கேன். இந்த வேலைக்கு வேற ஆளப் பாருங்க.”

“வண்டி பாக்கத் தெரிஞ்ச ஆளு இங்க வேற யாரு இருக்கா?”

“மனசுல இத வச்சுக்கிட்டு நான் எப்படி நியாயமா நடக்க முடியும்?”

சாமி ஒரு கொட்டையை எடுத்துத் தனியே போட்டார்.

“கடைசித் தெருவுல ஒரு பொம்பள கொடத்தோட நிக்கா. அவளுக்கு என்ன வேணும்னு மட்டும் எழுதிட்டு வாங்க.”

கோமதிநாயகம் கடைசித் தெருவுக்குப் போனார். அங்கே ஆள் வந்தால் உட்காரச் சொல்கிற வழக்கமெல்லாம் அந்த வருஷம் போய்விட்டது. தண்ணீர் வண்டி விஷயமாக வந்திருக்கிறேன் என்றதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார்கள். எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டு நின்றார். கோபம் ஆறிய பிறகுதான் விஷயம் வந்தது. பழைய வண்டியில் குழாய் தரையோடு இருந்ததால், குனிந்து குனிந்து மாசமாக இருந்த ஒரு பெண்ணுக்கு இடுப்பே விட்டுப் போயிற்றாம். வண்டி சந்துக்குள் திரும்பாததால் கிழடுகள் முக்குக்கு வந்து நிற்க வேண்டியிருந்ததாம். மாடுகளைப் பார்க்கவும் பாவமாக இருந்ததாம். தொட்டி தேக்கில் வேண்டுமா இரும்பில் வேண்டுமா என்று அவர் கேட்டுப் பார்த்தார். தண்ணீர் ஒழுகாமல் இருந்தால் அட்டைப் பெட்டியில் கொண்டுவந்தாலும் சரி என்றாள் ஒருத்தி.

மடத்துக்குத் திரும்பி வந்து எழுதினார். தொட்டி எதில் செய்திருந்தாலும் சரி, ஒழுகக் கூடாது. வண்டி கடைசித் தெருச் சந்தில் திரும்ப வேண்டும். குழாய் இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். நிறை தொட்டியை ஒரு ஜோடி சாதாரண மாடு மேட்டில் இழுக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் செய்து கொண்டுவரலாம். அவ்வளவுதான். எழுதி முடித்துப் படித்தபோதுதான் அவருக்கு உறைத்தது. திரவியம் செய்கிற வண்டி இப்படித்தான் இருக்கும். முந்தின தாளில் திரவியத்தின் முகம் இருந்தது, இந்தத் தாளில் அவருடைய வண்டி இருந்தது. எது தனக்குப் பெரிய கஷ்டம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

சாமி இந்தத் தாளை ஒரே தடவைதான் கேட்டார். ஒட்டச் சொல்லிவிட்டார்.

மூன்று பேர் வண்டி கொண்டுவந்தார்கள். ஒருவர் மாடக்கண்ணு. கோமதிநாயகத்தின் பழைய கூட்டாளி, கலகலப்பான மனிதர், வரும்போதே மடத்துக்கு ஒரு தார் வாழைப்பழமும் கொண்டுவந்தார். இன்னொருவர் வடக்கேயிருந்து வந்த புது ஆள், செவத்தையா என்று பெயர். வண்டிக்குப் பச்சை வர்ணம் அடித்துக் கண்ணைப் பறிக்கிற மாதிரி கொண்டுவந்திருந்தார். மூன்றாவதாகத் திரவியம் வந்தார். மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டியைத் தூணோரமாக நிறுத்தினார்.

“நல்லாப் பாரு, கோமதி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் அது சாதாரணப் பேச்சுதான். கோமதிநாயகத்துக்கு அதில் திமிர் கேட்டது. என்ன தைரியம் இருந்தால் இப்படிச் சொல்வான்? பார்க்கத்தான் போகிறேன் என்று கறுவிக்கொண்டார்.

விடிந்ததும் திரவியத்தின் வண்டியில்தான் கைவைத்தார். காவியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். ஆணி ஆணியாகத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். சக்கரத்தின் ஆரக்காலை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். அச்சு முனையைத் தடவி மைப்பசையை விரலில் எடுத்து மோந்தார். மாட்டைப் பூட்டி நிறை தொட்டியோடு கடைசித் தெருச் சந்துக்கு ஓட்டிப் போய்த் திருப்பினார். வண்டி அழகாகத் திரும்பியது. அங்கே நின்ற பெண்கள் பாராட்டியபோது அவருக்கு எரிச்சலாக வந்தது. மேட்டில் ஏற்றினார், மாடுகள் மூச்சு வாங்காமல் ஏறின. திரும்பக் கொண்டுவந்து மடத்து முற்றத்தில் நிறுத்தி, தொட்டிக்கும் குழாய்க்கும் அடியில் சலித்த சாம்பலைப் பரப்பிவிட்டு, அதைப் பார்த்தபடி எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தியானத்தில் ஒருநாளும் அவர் இப்படி அசையாமல் உட்கார்ந்ததில்லை என்று மற்ற சீடர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள்.

வெயில் உச்சிக்கு வந்தது. குனிந்து பார்த்தார். குழாய்க்கு நேர் கீழே சாம்பலில் மூன்று சின்னக் குழிகள் விழுந்திருந்தன.

அவரால் ஒரு கணம் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. விரலால் தொட்டுப் பார்த்தார், ஈரம்தான். எழுந்தார். இத்தனை வருஷமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது போல இருந்தது. திரவியத்தின் வேலையில் குறை இருக்கிறது! அதை ஊரறியத் தாள் எழுதி ஒட்டப் போகிறார்கள், அந்தத் தாளில் தன் கையெழுத்து இருக்கும். பக்கத்தில் நின்ற இரண்டு வண்டிகளையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மாடக்கண்ணுவின் தொட்டியை உள்ளங்கையால் தட்டினார். பச்சை வர்ணத்தை மெச்சிக்கொண்டார். பிறகு கால் தரையில் பாவாமல் சாமியிடம் போனார்.

சாமி கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார்.

“திரவியம் வண்டி தேறாது, சாமி.”

“என்ன கொற?”

“கொழாயில கசிவு இருக்கு. தாளுல ஒழுகக் கூடாதுன்னு போட்டிருக்கோம்.”

“எவ்வளவு கசிஞ்சுது?”

“மூணு சொட்டு. சாம்பலப் பரப்பி வச்சுல்லா கண்டுபிடிச்சேன்.”

“மத்த ரெண்டு வண்டி?”

“அதுல ஒரு கொறையும் தெரியல.”

சாமி துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். கோமதிநாயகத்துக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. சாமி திரவியத்துக்குப் பரிந்து பேசுவார், மூன்று சொட்டு பெரிதா என்று கேட்பார் என்று நினைத்தார். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தார். முந்திக்கொண்டு அதைச் சொல்லியும் விட்டார்.

“சொட்டுல சிறுசு பெருசு உண்டா சாமி? கொறன்னா கொறதான?”

“கொறதான். தேறாதுன்னே எழுதிக்கிடுங்க.”

கோமதிநாயகத்துக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. குருவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, எழுதுவதற்காகத் திரும்பி நடந்தார். நாலு எட்டு வைத்திருப்பார். சாமி பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, எழுதி முடிச்சிட்டு, மத்த ரெண்டையும் அதே மாதிரி திரவியம் வண்டின்னு நெனச்சுப் பாத்துட்டு வாங்க.”