செல்லக்கிளி கொடுத்த ஈயக்கட்டி

"அம்மா, இதை வச்சு நான் என்ன செய்ய?"

கேட்டுவிட்டு வைகுண்டம் தோளில் இருந்த சாக்கைத் தரையில் போட்டார். தரை அதிர்ந்தது.

சாக்குக்குள் ஒரு காரீயக் கட்டி. பார்த்தால் செங்கல் அளவுதான். தூக்கினால் இருபது கிலோவுக்கு மேல். அதோடு கூகைமலையின் அறுநூறு படியும் ஏறி, கடைசி வழுக்குப்பாறையில் தவழ்ந்து வந்திருந்தார் மனுஷர். கோபம் வராமல் என்ன செய்யும்?

தவமணி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மலை உச்சியில் சுனைக்குப் பக்கத்துக் குடிலில் இருக்கிறவர். குருவுக்கு நாற்பத்திரண்டு வயது, சீடருக்கு ஐம்பத்தொன்பது. ஊர் சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று வைகுண்டம் வந்துவிட்டார்.

"யார் கொடுத்தது?"

"அடிவாரத்துப் பழைய இரும்புக்கடை செல்லக்கிளி அக்கா."

"வாங்கும்போது என்ன சொன்னீங்க?"

வைகுண்டம் விழித்தார். உங்களைக் கேட்டதைத்தான் அவங்களையும் கேட்டேன் என்றார்.

"அதுக்கு அவங்க?"

"ஏதாவது ஒண்ணுக்கு ஆகும் சாமி, கடையில இதுதான் மிச்சம்னாங்க."

அம்மா தலையைத் தூக்கவில்லை. "அப்ப இன்னும் நன்றி சொல்லலை" என்றார்.

எதற்கு ஆகும் என்று தெரியட்டும், சொல்கிறேன் என்றார் இவர். பஸ் டிப்போ ஸ்டோரில் முப்பது வருஷம் இருந்தவர். எதற்கென்று தெரியாத சாமானுக்குக் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை.

செல்லக்கிளியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

பதினோரு வருஷமாக மாதாமாதம் மலைக்கு விளக்கெண்ணெய் கொடுத்தனுப்புகிறவள். ஒரு தடவைகூட உச்சிக்கு வந்ததில்லை. இப்போது கண் நரம்பு பட்டுக்கொண்டே வருகிறது. ஆபரேஷனுக்கு வழியில்லை, தை மாதத்துக்குள் முழுக்க இருட்டிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையையும் மூடிவிட்டாள். அவளுக்கு ஒரே ஆசை. பார்வை போவதற்குள் மேலே இருக்கும் சுனையை, அதில் பூக்கும் அல்லியை, ஒரு தடவை பார்த்துவிடவேண்டும்.

படி முடியும் வரைக்கும் ஏறிவிடுவாள். அதற்குமேல் முப்பதடி மொட்டைப் பாறை, பிடிக்க ஒன்றும் கிடையாது.

போன ஆடியில் வைகுண்டம்தான் முன்னின்று பாறையில் குழி போட்டு, இருபது இரும்புக் கம்பிகளை சிமெண்டு வைத்து நட்டார். நான்கே வாரம். செல்லக்கிளி ஆசையாக வந்து முதல் கம்பியைப் பிடித்தாள். அது விழப்போகிற பல் மாதிரி ஆடியது. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டு இறங்கிப் போனாள்.

இவர் அத்தனை கம்பியையும் பிடுங்கி அடுப்படிக்குப் பின்னால் போட்டார். அந்தப் பக்கம் போனாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஈயக்கட்டிக்கு வருவோம்.

முதலில் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். காற்றில் கதவு அடிப்பது நின்றது. ஆனால் வாரத்தில் மூன்று தடவை கால் விரலை இடித்துக்கொண்டார். தார்ப்பாய் பறக்காமல் இருக்கக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். கயிறு அறுந்தது. ஊறுகாய் ஜாடி மூடிமேல் தூக்கி வைத்தபோது அம்மா வேகமாக வந்து இறக்கச் சொன்னார்.

"காரீயம் விஷம் அய்யா. சாப்பாட்டுப் பக்கமே கொண்டுவராதீங்க."

ஒரு மாதம் போயிற்று. கட்டி கிடந்த இடத்தில் கிடந்தது. வைகுண்டத்துக்குப் பொறுக்கவில்லை.

"எதுக்குமே ஆகாதும்மா. பின்பக்கப் பள்ளத்துல உருட்டிவிட்டுடட்டுமா?"

அம்மா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். வாங்க என்று முன்னால் நடந்தார்.

சுனைக் கரையில் ஒரு கல்தூண் உண்டு. எந்தக் காலத்துத் தூணோ. அதன் நெற்றியில் விளக்குத் தொங்கவிட ஒரு இரும்புக் கொக்கி.

"இதைப் பிடுங்குங்க."

வைகுண்டம் ஒரு கையால் இழுத்தார். இரண்டு கையாலும் இழுத்தார். தூணில் காலை உதைத்துக்கொண்டு தொங்கியே பார்த்தார். கொக்கி அசையவில்லை.

மூச்சு வாங்க நின்றவர், கொக்கி கல்லுக்குள் போகும் இடத்தைப் பார்த்தார். சுற்றிலும் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். நகத்தால் சுரண்டினார். பளபளவென்று கோடு விழுந்தது. ஈயம்.

வைகுண்டம் நேரே அடுப்படிக்குப் பின்னால் போனார்.

அடுத்த பத்து நாளும் பாறையில்தான் இருந்தார். பழைய சிமெண்டைக் கொத்தி எடுத்தார். ஒவ்வொரு குழியையும் துணியால் துடைத்து, நெருப்புக் காட்டிக் காயவைத்தார். ஈரம் இருந்தால் ஈயம் மேலே தெறிக்கும் என்று அம்மா எச்சரித்திருந்தார். காற்றுக்கு முதுகு காட்டி நின்று ஈயத்தை உருக்கி, கம்பியைச் சுற்றி ஊற்றினார். ஆறியபின் உளியால் சுற்றிலும் அடித்து இறுக்கினார். இருபதாவது கம்பிக்கு ஊற்றியபோது சட்டி காலி.

ஈயக்கட்டி கிடந்த இடத்தில் தரை மட்டும் கொஞ்சம் பள்ளமாக இருந்தது.

மார்கழியில் ஒரு நாள் காலையில் வைகுண்டமே போய்ச் செல்லக்கிளியைக் கூட்டிவந்தார். பாறைக்குக் கீழே வந்ததும் அவள் நின்றுவிட்டாள். போதும் சாமி, போன தடவை மாதிரி ஆகிவிடும் என்றாள். ஒரு தடவை பிடித்துப் பாருங்கள் என்றார் இவர்.

அவள் கம்பியைப் பிடித்து ஆட்டினாள். இன்னொரு தடவை ஆட்டினாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

சுனையில் இரண்டு அல்லி விரிந்திருந்தன. செல்லக்கிளி தண்ணீர் முகத்தில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். "செவப்பு" என்றாள். சந்தோஷம் தாங்காமல் அழுதாள். கம்பி நட்ட கை நல்லா இருக்கணும், அவங்க பிள்ளைகுட்டி நல்லா இருக்கணும் என்று வாய் ஓயாமல் வாழ்த்தினாள்.

அப்புறம் குரலைத் தாழ்த்தி இவரிடம் கேட்டாள். "நான் கொடுத்த கட்டி உதவாமப் போச்சா சாமி? கோவிச்சுக்காதீங்க. அன்னைக்குக் கையில வேற ஒண்ணும் இல்ல."

வைகுண்டம் அம்மாவைப் பார்த்தார். அம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் செல்லக்கிளியைக் கைப்பிடித்து நடத்திப்போய், மேல் கம்பிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் விரலை அதன் அடியில் வைத்தார். காலமெல்லாம் பழைய இரும்பையும் பித்தளையையும் தொட்டே பிரித்த விரல். சுற்றித் தடவியது. கட்டைவிரல் நகத்தை ஊன்றினாள். நகம் பதிந்தது.

"ரொம்ப நன்றிக்கா" என்றார் வைகுண்டம். "வாங்கின அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

அவள் கையை நீட்டி அடுத்த கம்பியின் அடியைத் தடவினாள். எட்டி, அதற்கடுத்ததையும் தடவினாள். அந்தச் சமயத்தில் அவள் கண்ணை மூடியிருந்தாள்.

"அப்ப, கண்ணு போனப்புறமும் நான் வரலாம்" என்றாள்.