திகைப்பட்டியின் தேனீத் தரகர்கள்

தேனீ வளர்ப்பின் வரலாறு நீண்டது. ஆதியில் மனிதன் பாறையிடுக்கில் கையை விட்டுத் தேனைத் திருடினான். திருடியதைப் பெருமையாகப் பாறையிலேயே படமும் வரைந்து வைத்தான். பிறகு எகிப்தியர்கள் களிமண் குழாய்களை அடுக்கி, ஈக்களுக்குக் குடியிருக்க வீடு கொடுத்துத் திருடினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில், சட்டம் சட்டமாகத் தூக்கியெடுக்கும் மரப்பெட்டி வந்தது. அன்றிலிருந்து திருட்டுக்கு ஒரு கண்ணியம் ஏற்பட்டது. இத்தனை காலத்திலும் தேனைக் கடையில் வாங்கி, தேனீக்குக் கூலியாகக் கொடுத்த ஊர் திகைப்பட்டி ஒன்றுதான். அதற்கு அவர்களிடம் நியாயமான காரணம் இருந்தது.

காரணம் மொக்கையனின் பூசணிக் காட்டில் தொடங்கியது. காடு என்றால் ஒரு ஏக்கர். அதுவும் அவனுடையது அல்ல. மனைவி ஒச்சம்மாள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. இரண்டு வருடமாகக் கொடி செழித்தது, பூ கொட்டியது, காய் மட்டும் வரவில்லை. மூன்றாம் வருடம் விதை ஊன்றிய அன்றே ஒச்சம்மாள் வரப்பில் நின்று சொல்லிவிட்டாள்:

"இந்தா பாருய்யா. கார்த்திகைக்குள்ள இந்தக் காட்டுப் பூசணி வண்டியேறிச் சந்தைக்குப் போகணும். இல்லேன்னா நிலத்தை எங்கண்ணன் வீரணன் கையில கொடுத்துருவேன். நீ அவரு ஆட்டைப் பத்திக்கிட்டுத் திரி."

மொக்கையனுக்கு ஆடு என்றால் பயம். சிறுவயதில் ஒரு கிடா அவனை ஊர்ச்சாவடிவரை முட்டிக்கொண்டே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. ஆகவே அன்றைக்கே தோட்டக்கலை ஆபீசுக்கு ஓடினான்.

கொடி பூத்ததும், ஆபீசிலிருந்து மெர்லின் சுகந்தி என்ற அதிகாரி வந்து காட்டைப் பார்த்தார். "மருந்தடிச்சு அடிச்சு ஊர்ல ஒரு ஈ இல்லாம பண்ணிட்டீங்க. பிறகு காய் எங்கிருந்து வரும்?" என்றார். பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருந்தால் அது பெண் பூ, இல்லாவிட்டால் ஆண் பூ என்று காட்டினார். மறுநாள் ஒரு தேனீப் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார்.

"இவங்கதான் ஆண் பூவையும் பெண் பூவையும் சேத்து வைக்கிறவங்க. உள்ள ஒரு ராணி இருக்கு, அதைப் பத்திரமாப் பாத்துக்கோங்க. பெட்டியை உயரத்துல வைங்க. எறும்பு ஏறாம நாலு காலும் தண்ணிக் கிண்ணத்துக்குள்ள இருக்கணும்."

அவர் ஜீப் கிளம்பியதும், மொக்கையனும் அவன் பங்காளித் தம்பி சன்னாசியும் கிண்ணங்களைப் பரப்பி ஆலோசித்தார்கள்.

"அண்ணே, நாலு காலுன்னாங்க. உனக்கு ரெண்டு, எனக்கு ரெண்டு. ஆபீசரம்மா ஆள் கணக்குப் பாத்துத்தான் சொல்லியிருக்காங்க."

இருவரும் நாலு கிண்ணத்தில் நாலு காலை வைத்து, பெட்டியைத் தோளில் ஏற்றி நின்றார்கள். உண்மையாகவே ஓர் எறும்பும் ஏறவில்லை. மாலையில் சோறு கொண்டுவந்த ஒச்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டு, வீட்டிலிருந்த மேசையைத் தூக்கிவந்து போட்டாள். அதற்கு ஒரு கால் உடைந்திருந்தது. கல்லை முட்டுக்கொடுக்கச் சொல்லிவிட்டு அவள் போனாள். கல்லுக்குக் கால் என்று பெயரில்லையே என்று சன்னாசி தன் வலது காலையே கொடுத்தான். காலையில் நான்கு மணி நேரம், மாலையில் நான்கு மணி நேரம் என்று முறை வைத்துக்கொண்டு, மற்ற நேரத்துக்கு மட்டும் கல்லை வைத்தான்.

ராணியை வரவேற்க மொக்கையனின் சித்தப்பா குருவையா வந்தார். திகைப்பட்டியில் யார் யாருக்கு என்ன முறை, எந்த வீட்டில் பெண் எடுக்கலாம், எந்த வீட்டில் எடுத்தால் தலையில் இடி விழும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவரைக் கேட்காமல் ஊரில் தாலிக்கு மஞ்சள் அரைத்ததில்லை. அவர் தோள்துண்டை இடுப்பில் கட்டி, பெட்டி வாசலில் குனிந்து, "தாயே, வந்த இடம் சவுகரியந்தானா?" என்று கேட்டார். காவலுக்கு இருந்த ஈக்கள் மூக்கில் மூன்று இடத்தில் பதில் சொல்லின.

"அரண்மனைன்னா காவல் இருக்கத்தான் செய்யும்" என்று குருவையா மூக்கில் சுண்ணாம்பு தடவிக்கொண்டார்.

பத்து நாளில் ஈக்கள் பூசணிப் பூக்களை மொய்த்தன. ஒவ்வொன்றும் கால் நிறைய மஞ்சள் பொடியோடு இந்தப் பூவிலிருந்து அந்தப் பூவுக்குப் பறந்தது. மொக்கையன் வரப்பில் உட்கார்ந்து ஆனந்தமாகப் பார்த்தான். பக்கத்தில் வந்து உட்கார்ந்த குருவையா ஓர் ஈயைப் பூப் பூவாகக் கண்ணால் தொடர்ந்தார். அது நல்ல அறிகுறி அல்ல.

"ஏப்பா மொக்கை, இந்த ஈ இப்ப என்ன செய்யுது?"

"ஆண் பூவுக்கும் பெண் பூவுக்கும் சேத்து வைக்குது சித்தப்பா. தரகு வேலை."

"இதுக்கெல்லாம் விதை ஏது?"

"முதல் வருசம் வாங்கின ஒரே காய். பெருங்காய். அதுல இருந்த விதையைத்தான் மூணு வருசமா ஊன்றிக்கிட்டு வர்றேன்."

குருவையா எழுந்து நின்றுவிட்டார். "ஒரே காயா? அட பாவி! அப்ப இந்தக் காட்டுல இருக்கிற பூ அம்புட்டும் ஒரு வயித்துப் பிள்ளைக. அண்ணன் தங்கச்சிடா!"

இரண்டு வருடமாக ஏன் காய்க்கவில்லை என்பது மொக்கையனுக்கு இப்போதுதான் விளங்கியது: பூசணிக்கு மானம் இருந்திருக்கிறது. அதைக் கெடுக்கத்தான் பெட்டி வைத்து ஆள் இறக்கியிருக்கிறான்.

அன்று மாலையே சாவடியில் கூட்டம் போட்டார்கள்.

"ஈ வெளியூரு. அதுக்கு நம்ம முறை தெரியாது" என்றான் மொக்கையன், சமாதானமாக.

"தெரியாதவன் தரகுக்கு வரலாமா? விசாரிக்க வேண்டாமா?" என்றார் குருவையா.

"பொண்ணுகளுக்கு வேற மாப்பிள்ளை பாத்துரணும். கார்த்திகை நெருங்குது" என்றான் சன்னாசி. அவன் கால் ஊறி வெளுத்திருந்தது.

குருவையா கண்ணை மூடி விரல் விட்டு எண்ணினார். "பொண்ணு ஒச்சம்மாள் காட்டுல வளந்தது. அவளுக்கு அண்ணன் கீழத்தோப்பு வீரணன். அவன் காட்டுலயும் பூசணிதான், விதை வேற விதை. அந்தக் காட்டு ஆண் பூ, இதுகளுக்குத் தாய்மாமன் மகன். இதைவிட முறை மாப்பிள்ளை எங்க கிடைப்பான்?"

தரகர்களைக் கூட்டிப்போய் மாப்பிள்ளையைக் காட்டிவிட்டால் மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று முடிவாயிற்று. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மொக்கையனும் குருவையாவும் பெட்டியைத் தூக்கி மாட்டுவண்டியில் வைத்து, நாலு மைல் தள்ளியிருந்த கீழத்தோப்புக்கு ஓட்டினார்கள். வெளியே மேயப் போயிருந்த ஈக்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. தேனீ, பெட்டியை அல்ல, பெட்டி இருந்த இடத்தைத்தான் நினைவில் வைக்கும். சன்னாசிக்கும் யாரும் சொல்லவில்லை. மேசைக் காலுக்குப் பதிலாக நிற்பது தன் பொறுப்பு, மேலே பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பது தன் பொறுப்பல்ல என்று அவன் கண்ணை மூடி நின்றான். திரும்பி வந்த ஈக்கள் பெட்டியைத் தேடின. அந்த இடத்தில் இருந்தது சன்னாசியின் தலைப்பாகை. அதில் குடியேறின.

மெர்லின் சுகந்திக்கு ஆள் போயிற்று. அவர் முகவலை மாட்டி, புகை போட்டு, கீழத்தோப்பிலிருந்து திருப்பிக் கொண்டுவந்த பெட்டியை இருட்டியபின் பழைய இடத்தில் வைத்து, தலைப்பாகையை அதற்குள் மெல்ல உதறினார். "பெட்டியை இனி யாரும் தொடக்கூடாது!" என்றார். அன்றிலிருந்து அதைத் துடைப்பதற்குக்கூட யாரும் தொடவில்லை.

"தரகரை நம்பிப் பிரயோசனமில்ல. நாமளே நேர்ல போய்ப் பேசுவோம்" என்றார் குருவையா.

விடிகாலையில் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு மூவரும் கீழத்தோப்பில் நின்றார்கள். வீரணன் விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டார். அவர் திகைப்பட்டியில் பெண் கொடுத்தவர். வெகுகாலமாக எதற்கும் அதிர்ச்சியடைவதில்லை.

"ஆண் பூவுதான மாப்பிள்ளை? அது சும்மா உதிரத்தான் போகுது. வேணுங்கிறதைப் பறிச்சுக்கோங்க."

"மச்சான், சீர் எதுவும் எதிர்பாக்கிறீங்களா?"

"சம்பந்தி பாத்துச் செஞ்சா சரி" என்றார் வீரணன், ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டே.

நாற்பத்தொரு மாப்பிள்ளைகள் தாம்பாளத்தில் ஊர்வலம் வந்தார்கள். ஒவ்வொரு ஆண் பூவையும் கவிழ்த்து ஒவ்வொரு பெண் பூவுக்குள் வைத்து, பொடி ஒட்டும்படி மூன்று சுற்றுச் சுற்றி, மஞ்சள் நூலால் வாயைக் கட்டினார்கள். குருவையா ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு முறை குலவை போட்டார். முறைகெட்ட ஈ எதுவும் கிட்டே வராமல் சன்னாசி துண்டை வீசினான். முப்பத்தெட்டாவது கல்யாணத்தில் முதல் மாப்பிள்ளை துவண்டு தொங்கினான்.

"சித்தப்பா! மாப்பிள்ளை போயிட்டான்!" என்று மொக்கையன் அலறினான். "தாலி கட்டி ஒரு மணி நேரம் ஆகலை. என் பொண்ணுகளுக்கு இந்தக் கதியா?"

குருவையா அவனை முகர்ந்து பார்த்தார். "போகலைடா. நாலு மைல் அலைச்சல், காலைப் பட்டினி. களைச்சுத் தூங்குறான். சத்தம் போடாதீங்க."

மீதி மூன்று கல்யாணத்தையும் குலவையில்லாமல் முடித்து, மூவரும் நுனிக்காலில் நடந்து காட்டைவிட்டு வெளியேறினார்கள்.

விவசாயப் புத்தகங்களில் இதற்குக் கைமகரந்தச் சேர்க்கை என்று பெயர். தேனீ இல்லாத ஊரில், தேனீ சும்மா செய்வதை மனிதன் முதுகு ஒடியக் குனிந்து செய்வது. திகைப்பட்டியில் தேனீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, அதைத் துண்டால் விரட்டி விரட்டி அதன் வேலையைச் செய்தார்கள். நாற்பத்தொரு பூவிலும் காய் பிடித்தது.

மெர்லின் சுகந்தி வந்து பார்த்து அசந்துபோனார். "பாத்தீங்களா, தேனீ வச்சதும் எப்படிக் காய்ச்சிருக்குன்னு! சரி, தேன் எத்தனை பாட்டில் எடுத்தீங்க?"

"எடுக்கிறதா?" என்றான் மொக்கையன். "இதுவரைக்கும் ரெண்டு பாட்டில் கொடுத்திருக்கோம் ஆபீசரம்மா. சம்பந்தம் அவங்க மூலமா அமையலைன்னாலும் பாவம், அலைஞ்சிருக்காங்க. தரகர் வயித்தெரிச்சல் ஆகாதுன்னு சித்தப்பா சொல்லிட்டாரு."

அதிகாரி மேசைக்கருகே ஒரு காலில் நின்றிருந்த சன்னாசியையும் பார்த்தார். ஒன்றும் எழுதாமலே நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார்.

கார்த்திகை பிறந்தது. பூசணிகள் முற்றிச் சிவந்து தரையை அமுக்கிக் கிடந்தன. ஒச்சம்மாள் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் அன்றுதான் மொக்கையனைப் பார்த்துச் சிரித்தாள். "நாளைக்குச் சந்தை. நான் போய் வண்டி பேசிட்டு வர்றேன்" என்று நடந்தாள்.

அவள் தலை மறைந்ததும் குருவையா வந்தார்.

"மொக்கை, தலைப்பிரசவம் தாய் வீட்டுல நடந்தது. முறைதான். ஆனா பிள்ளைகளை எப்ப அப்பன் வீட்டுக்கு அனுப்புறதா உத்தேசம்?"

மொக்கையன் விழித்தான். "அனுப்பணுமா?"

"நாற்பது நாள் தாண்டியாச்சு. இன்னும் வச்சிருந்தா, பொண்ணு வாழாம வந்துட்டான்னு ஊரு பேசும்."

"தாயையும் சேத்துல்ல அனுப்பணும்? அதுக்கு வேரு இருக்கே சித்தப்பா."

"காட்டு வேலையா இருக்கா, பின்னால வருவான்னு சொல்லிக்கலாம்."

மறுநாள் காலை ஒச்சம்மாள் சந்தை வேனில் வந்து இறங்கியபோது காட்டில் கொடி மட்டும் கிடந்தது. வரப்பில் மூவரும் கடமை முடித்த களைப்போடு உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்கய்யா காயி?"

"அதுக அப்பா வீட்டுக்குப் போயிருச்சு புள்ள" என்றான் மொக்கையன். "அழாம போச்சுக."

நடந்ததைக் கேட்க அவளுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. கேட்டு முடித்து, வேனைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "அப்ப சந்தைக்கு ஒரு காய் போகலை. சொன்னது சொன்னதுதான். நிலத்தையும் எங்கண்ணனுக்கே எழுதிக் கொடுத்துர்றேன்."

மொக்கையனின் கண்முன் கிடா ஒன்று தலையைத் தாழ்த்தியது. அவன் குருவையாவைப் பார்த்தான்.

குருவையா தொண்டையைச் செருமினார். "கொடுக்க முடியாதும்மா. வீரணன் நேத்துவரைக்கும் உனக்கு அண்ணன். இன்னைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன். மாப்பிள்ளை வீட்டுக்கு நிலம் எழுதினா அது வரதட்சணை. கொடுக்கிறவங்களையும் சேத்துல்ல போலீஸ் பிடிக்கும்?"

மொக்கையன் நெஞ்சில் கைவைத்து, சட்டம் இயற்றியவர்களை மனதார வாழ்த்தினான்.

ஒச்சம்மாள் விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். அரிவாள்மனையைக் கக்கத்தில் இடுக்கி, துவரம்பருப்புப் பையையும் புளி உருண்டையையும் முந்தானையில் முடிந்து திரும்பி வந்தாள். வேனில் ஏறி, "கீழத்தோப்புக்கு விடு" என்றாள்.

"பாரு, பேரப்பிள்ளைகளைப் பாக்காம ஒரு பொழுது இருக்க முடியலை. கோவமெல்லாம் வெளியிலதான்" என்று குருவையா துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

சன்னாசி வேனுக்குப் பின்னாலேயே கொஞ்ச தூரம் நொண்டியபடி ஓடிக் கத்தினான்:

"மதினி! முத்தம் கொடுக்கையில பாத்து! காம்புல சொணை குத்தும்!"