அரசருக்கு அளந்தது போலவே

முன்னொரு காலத்தில், இடி விழுமோ என்று பயப்படாமல் இரும்புக் குண்டு விழுமோ என்று பயந்துகொண்டே மக்கள் வாழ்ந்த நாடு ஒன்று இருந்தது. அந்த நாட்டு அரசர் கனகமாறருக்கு வந்த ஆசைதான் அதற்குக் காரணம். அரசர்களுக்கு ஆசை வந்தால் அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. நம்மைப் போன்றவர்களின் கூரைதான் போகும்.

கனகமாறரின் ஆசை சங்கிலிக் குண்டு. இரும்புக் குண்டு ஒன்று, அதில் ஒரு சங்கிலி, சங்கிலியின் மறுமுனையில் ஒரு கைப்பிடி. பிடியை இரண்டு கையாலும் பற்றி, பம்பரம் போல மூன்று நான்கு சுற்றுச் சுற்றி விட்டெறிய வேண்டும். எறிகிறவன் கைதேர்ந்தவனாக இருந்தால் குண்டு எதிரே போகும். இல்லாவிட்டால் எங்கே போகும் என்பது குண்டுக்கே தெரியாது. போன மாசியில் ஒரு காவல்வீரன் எறிந்த குண்டு மைதானத்துக்குப் பின்னால் இருந்த மடைப்பள்ளியின் கூரையைப் பிளந்து, கொதித்துக்கொண்டிருந்த சர்க்கரைப் பொங்கல் அண்டாவுக்குள் போய் உட்கார்ந்தது. அன்றிலிருந்து மைதானத்துத் தெருப் பெண்கள் தண்ணீருக்குப் போகும்போது குடத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார்கள். வரும்போது என்ன செய்தார்கள் என்று கேட்காதீர்கள். ஓடி வந்தார்கள்.

அரசரிடம் பொன்முலாம் பூசிய குண்டு ஒன்று இருந்தது. அதை வேறு யாரும் தொடக் கூடாது. "யானைக்குட்டியின் எடை! நம் வேந்தர் அதைப் பூச்செண்டு போல வீசுகிறார்!" என்று படைத்தலைவர் செங்கோடவர்மர் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லுவார். அவரும் நம்பினார், ஊரும் நம்பியது. நம்பாமல் என்ன செய்வது? எடுத்துப் பார்த்தால் கை போய்விடும்.

இந்தச் செங்கோடவர்மருக்கு அரசவை விகடகவி நொச்சியப்பனைக் கண்டால் ஆகாது. ஒருநாள் சபையில், "படைத்தலைவரின் மீசை போர்க்களத்துக்குப் போய் வெற்றியோடு திரும்பியது, பாவம், அவரால்தான் கூடவே போக முடியவில்லை" என்று நொச்சியப்பன் சொல்லிவிட்டான். அரசர் அரை நாழிகை சிரித்தார். படைத்தலைவர் அந்தச் சிரிப்பை வட்டியோடு மனத்தில் வைத்திருந்தார்.

நேரமும் வந்தது. பக்கத்து நாட்டுத் தூதர் ஐந்து நாளில் வருவதாக ஓலை வந்தது. அரசர் சிம்மாசனத்திலிருந்து எழுந்தே விட்டார்.

"தூதர் முன்னால் சங்கிலிக் குண்டு எறிதல் நடக்க வேண்டும். தேர்ந்த மல்லன் மட்டும் எறிந்தால் அதில் என்ன வியப்பு? நம் நாட்டில் நேற்றுச் சேர்ந்தவர்கூட எறிவார் என்று அவர் போய்ச் சொல்ல வேண்டும்."

படைத்தலைவர் கைகூப்பினார். "வேந்தே, அற்புதமான எண்ணம்! பதினைந்து ஆண்டுகளாக எறிந்துவரும் மல்லன் திருமேனி. இரண்டு ஆண்டுகளாகப் பழகும் கோட்டைவாசல் காவலன் காடையன். சென்ற மாதம் பெண்கள் காவற்படையில் சேர்ந்த குருவம்மாள், உப்பளத்திலிருந்து வந்தவள். இம்மூவரும் எறியட்டும். குண்டுகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நம் அறிவிற்சிறந்த நொச்சியப்பரிடம் விட்டுவிடலாமே."

"நன்று. எனக்கு எப்படிக் குண்டு செய்தார்களோ, அப்படியே அம்மூவருக்கும் செய்ய வேண்டும். இம்மியும் மாறக் கூடாது" என்றார் அரசர்.

"மூவரில் ஒருவர் எறிவது அறுபது முழத்தில் போட்ட கோட்டைத் தாண்டாவிட்டால்?" என்று படைத்தலைவர் பணிவாகக் கேட்டார். பணிவாகக் கேட்கிறவர்களிடம்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

"நொச்சியப்பன் தலை தாண்டும்" என்றார் அரசர்.

சபை சிரித்தது. நொச்சியப்பனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே தூணைப் பிடித்துக்கொண்டான் என்று அங்கே சாமரம் வீசிய பெண் பிறகு சொன்னாள்.

சபை கலைந்ததும் அவன் நேரே ஆயுதசாலைக்கு ஓடினான். அரசரின் குண்டை வார்த்த கொல்லர் முத்துக்கருப்பர் உலையின் முன்னே உட்கார்ந்திருந்தார். செய்தியைக் கேட்டதும் துருத்தியை விட்டுவிட்டு எழுந்து கதவைச் சாத்தினார்.

"ஐயா, உம்ம காலப் புடிச்சுக்கிறேன். அந்தக் குண்டப் பத்தி எங்கிட்ட ஒண்ணும் கேக்காதீரு."

"எடை மட்டும் சொல்லுமய்யா."

"எடையா? எடையச் சொன்னா எந் தலை போகும். சொல்லாட்டி உம்ம தலை போகும். உம்ம தலையே போகட்டும், அதுல ஒண்ணும் பெருசா இல்ல."

"முத்துக்கருப்பரே, என் தலை போனால் அடுத்து யாரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள்?"

கொல்லர் யோசித்தார். குரலைத் தாழ்த்தி, "மட்ட உரிச்ச தேங்கா ஆறு. அம்புட்டுத்தான்" என்றார்.

தான் மாட்டிக்கொண்ட கண்ணி அப்போதுதான் நொச்சியப்பனுக்கு முழுசாகத் தெரிந்தது. அரசரின் குண்டைப் போலவே அதே எடையில் மூன்று செய்தால், திருமேனி அதை எலுமிச்சம்பழம் போல வீசுவான். அது மைதானத்தைத் தாண்டித் தெருவில் எந்தக் குடத்தின் மேல் விழுமோ! அதோடு, யானைக்குட்டி என்று சொன்னது ஆறு தேங்காய்தான் என்று தூதர் முன்னால் ஊரே தெரிந்துகொள்ளும். அரசரின் மானம் போனால் விகடகவியின் தலை தங்குமா? சரி, ஊர் நம்புகிறபடி யானைக்குட்டி எடையில் செய்தாலோ, குருவம்மாளால் தூக்கவே முடியாது. கோடு தாண்டாது. அப்போதும் தலை போகும். இரண்டு வாசல் உள்ள வீடு, இரண்டு வாசலிலும் பாம்பு.

அவன் வாசலில் நின்றபடி கழுத்தைத் தடவிக்கொண்டான். பிறகு சட்டென்று திரும்பினான்.

"எடை கிடக்கட்டும். அரசருக்கு எவ்வளவு என்று நீர் எப்படிக் கண்டுபிடித்தீர்?"

"அது எங்க பாட்டன் காலத்து வழக்கமய்யா. ஆயுதம் எதுவானாலும் ஆளைப் பாத்துத்தான் அடிப்போம். கைய நீட்டச் சொல்லி மணல் மூட்டையத் தொங்க விடுவோம். பத்து எண்ணுறதுக்குள்ள கை நடுங்குனா ஒரு குத்து மணல எடுத்துருவோம். மறுபடி எண்ணுவோம். நடுங்காம பத்து எண்ணிட்டா, மூட்டையில இருக்குற மணலுதான் குண்டோட எடை. சங்கிலி பாதத்துலேருந்து நெஞ்சு வரைக்கும். பிடி அவுங்கவுங்க கை முட்டிக்கு."

"அரசருக்கும் அப்படித்தானா?"

"அப்படித்தான். மூட்டைய..." கொல்லர் சுற்றுமுற்றும் பார்த்தார். "பல தடவ எறக்கி மணல எடுத்தேன். எத்தன தடவன்னு மட்டும் கேக்காதீரு."

"கேட்கவில்லை. உலையை மூட்டும்."

மறுநாள் மூவரையும் ஆயுதசாலைக்கு அழைத்தார்கள். திருமேனி கையை நீட்டினான். மூட்டை நிறைய மணல், அவன் கை சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றது. காடையனுக்கு நான்கு குத்து மணல் எடுக்க வேண்டி வந்தது. குருவம்மாள் முறை வந்ததும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஐயா, நான் தாண்டாட்டி உம்ம தலைய எடுத்துருவாகளாமே? மெய்தானா?"

"வதந்திதான் தாயி" என்றான் நொச்சியப்பன். பொய் சொல்லும்போது அவன் குரல் ரொம்ப அன்பாக இருக்கும்.

"பின்ன ஏன் உம்ம காலு நடுங்குது?"

"கையை நீட்டு தாயி. காலை யாரும் இங்கே அளக்கவில்லை."

அவளுக்குச் சின்னக் குண்டும், நெஞ்சளவு சங்கிலியும், முட்டிக்குத் தக்க மெல்லிய பிடியும் அமைந்தன. எல்லாச் சங்கிலியிலும் குண்டோடு சேரும் இடத்தில் சுழலும் வளையம் ஒன்று வைக்கச் சொன்னான் நொச்சியப்பன். அது சுழலாவிட்டால் சங்கிலி முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும், மடைப்பள்ளிக் குண்டு அறுந்தது அப்படித்தான் என்று திருமேனியே சொன்னான். இடது கைக்குத் தோலுறை, வழவழப்பான அடியுள்ள செருப்பு எல்லாமும் மூவருக்கும் அளவெடுத்துத் தைத்தார்கள். கடைசியாக, யானை பிடிக்கிறவர்களிடமிருந்து தடித்த கயிற்று வலை ஒன்றை வரவழைத்து, எறிகிற வட்டத்தைச் சுற்றி மூன்று பக்கமும் கம்பம் நட்டுக் கட்டினான்.

படைத்தலைவர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்ன நொச்சியப்பரே, குண்டு எறியப் போகிறீரா, மீன் பிடிக்கப் போகிறீரா?"

"பயந்தவன் வீட்டுக்குக் கதவு இரண்டு, படைத்தலைவரே."

விழா நாள் வந்தது. மைதானத்துத் தெருவில் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. கூரை இல்லாத இடத்தில் இருப்பதே நல்லது என்று எல்லாரும் மைதானத்துக்கே வந்துவிட்டார்கள். அரசர் வலையை ஒட்டிய பந்தலில் சிம்மாசனம் போட்டு அமர்ந்தார். அருகே தூதர். வலையின் மறுபக்கத்தில் கொலைக்களக் காவலன் வாளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் துடைக்கிற சத்தம் நொச்சியப்பனுக்கு மட்டும் கேட்டது.

முதலில் குருவம்மாள். வட்டத்துக்குள் வந்து நின்றவள் ஒரு முறை வாளைப் பார்த்தாள், ஒரு முறை நொச்சியப்பனைப் பார்த்தாள். "வதந்தின்னீரே!" என்று முணுமுணுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று. குண்டு கையை விட்டுப் போனது. குண்டு கோட்டுக்கு இரண்டு சாண் அப்பால் விழுந்து மண்ணில் புதைந்தது. நொச்சியப்பன் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

காடையன் எறிந்தது எண்பது முழம். திருமேனி எறிந்தது மைதானத்தின் கடைசி மரத்தடிக்குப் போய் விழுந்தது. தூதர் கைதட்டினார்.

"மோசடி!" என்று செங்கோடவர்மர் பாய்ந்து எழுந்தார். "வேந்தே, மூன்று குண்டும் மூன்று அளவு! தங்கள் ஆணை என்ன? இம்மியும் மாறக் கூடாது என்றல்லவா?"

அரசரின் முகம் சிவந்தது. வாளைத் துடைத்தவன் துடைப்பதை நிறுத்தினான்.

நொச்சியப்பன் மண்டியிட்டான். "வேந்தே, தங்களுக்கு எப்படிச் செய்தார்களோ அப்படியே செய்யச் சொன்னீர்கள். தங்கள் கையை அளந்தார்கள், இவர்கள் கையை அளந்தேன். தங்கள் நெஞ்சளவுக்குச் சங்கிலி வைத்தார்கள், இவர்கள் நெஞ்சளவுக்கு வைத்தேன். கொல்லர் செய்த வேலையில் இம்மியும் மாற்றவில்லை. தங்களுக்குச் செய்த குண்டையே இவர்களுக்குக் கொடு என்று தாங்கள் சொல்லவில்லை."

"வார்த்தை ஜாலம்!" என்றார் படைத்தலைவர். "தராசைக் கொண்டு வாருங்கள்! வேந்தரின் பொற்குண்டை ஒரு தட்டில் வைப்போம், இந்த மல்லனின் குண்டை மறு தட்டில் வைப்போம். இவன் ஏமாற்று ஊருக்கே தெரியட்டும்!"

கொல்லர் முத்துக்கருப்பர் கண்ணை மூடிக்கொண்டார். நொச்சியப்பன் தற்செயலாக அரசரைப் பார்த்தான். அங்கேதான் அவனுக்கு உண்மையான பயம் வந்தது. அரசரின் முகத்தில் இப்போது கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அந்த மணல் மூட்டையைப் பல தடவை இறக்கியது அவருக்கும் நினைவிருந்தது. தராசு வந்தால் அரசருக்கு மானம் போகும், மற்ற எல்லாருக்கும் தலை போகும்.

"வேந்தே, தராசு வந்து சேர நேரமாகும்" என்றான் நொச்சியப்பன். "அதுவரை தூதர் சும்மா இருக்கலாமா? ஆளுக்கு அளந்து குண்டு செய்வது மோசடி என்கிறார் படைத்தலைவர். அப்படியானால் யார் குண்டையும் யாரும் எறியலாம் என்று ஆகிறது. தங்களுக்கு அடுத்த வீரர் அவர்தான். திருமேனியின் குண்டை எறிந்து காட்டட்டும். அறுபது முழம் போனால் என் தலையை அவரே எடுத்துக்கொள்ளட்டும்."

"எறியும், செங்கோடவர்மரே" என்றார் அரசர் உடனே. அவ்வளவு வேகமாக அவர் எந்த ஆணையும் இட்டதில்லை.

தூதர் பார்த்துக்கொண்டிருக்கும்போது படைத்தலைவர் எப்படி மறுப்பார்? தொந்தியின் மேல் கச்சையை இறுக்கினார். திருமேனி தோலுறையை நீட்டினான். "எனக்கா?" என்று தள்ளிவிட்டார். காலில் ஆணி அடித்த போர்ச் செருப்பு. சங்கிலி திருமேனியின் நெஞ்சளவு, அதாவது இவருடைய மூக்களவு. முதல் சுற்றில் அவர் குண்டைச் சுற்றினார். இரண்டாவது சுற்றில் குண்டு அவரைச் சுற்றியது. மூன்றாவதில் செருப்பாணி மண்ணில் மாட்ட, "ஐயோ அம்மா!" என்று ஒரு குரல் எழுந்தது. அது போர்க்களத்தில் கேட்ட குரல் அல்ல.

குண்டு எதிரே போகவில்லை. பந்தலை நோக்கிப் பறந்தது.

யானைவலை புடைத்து, கம்பங்கள் முறிகிற மாதிரி வளைந்து, வலைக்குள்ளே குண்டு அரசரின் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றது. ஒரு நொடி அரசரும் குண்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அது பின்வாங்கித் தொப்பென்று தரையில் விழுந்தது.

தூதர் ஆசனத்துக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தார். படைத்தலைவர் வட்டத்தின் நடுவே குந்தியிருந்தார். மீசையின் ஒரு பக்கம் கீழே தொங்கியது.

"தராசு வந்துவிட்டது, வேந்தே!" என்று இரண்டு பேர் அந்த நேரம் பார்த்து ஓடி வந்தார்கள்.

அரசர் அவர்களைப் பார்த்தார். செங்கோடவர்மரைப் பார்த்தார். முதலில் அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அமைச்சர்கள் நடுங்கினார்கள். அழுகை இல்லை. அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, தலைப்பாகை நழுவச் சிரித்தார். சிரிக்கலாம் என்று தெரிந்ததும் ஊரே சிரித்தது. குருவம்மாளின் சிரிப்புத்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

"தராசைக் கொண்டுபோய் அரிசிக் கிடங்கில் வையுங்கள்! இனி இந்த நாட்டில் ஆளை அளந்த பிறகே குண்டை அளக்க வேண்டும். வலை கட்டாமல் ஒருவரும் எறியக் கூடாது. செங்கோடவர்மரே, இன்றிலிருந்து வலை கட்டும் வேலை உமக்கு" என்றார் அரசர். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி நொச்சியப்பனுக்குப் போட்டார். "இன்னும் என்ன வேண்டும்? கேள்."

"உட்கார ஓர் இடம் வேண்டும், வேந்தே. ஐந்து நாளாக என் கால் என் சொல்லைக் கேட்பதில்லை."

அரசர் கொஞ்சம் நகர்ந்து, தம் சிம்மாசனத்திலேயே பாதியைக் காட்டினார். அந்த நாட்டில் வேறு யாருக்கும் கிடைக்காத மரியாதை அது. நொச்சியப்பன் ஏறி உட்கார்ந்தான். விழா முடியும் வரை சிம்மாசனம் கடகடவென்று ஆடிக்கொண்டே இருந்தது. விகடகவியின் நடுக்கம் என்று ஊர் பேசியது. பக்கத்தில் நின்று சாமரம் வீசிய பெண்ணோ, ஆடியது அரசர் பக்கம்தான் என்று சத்தியம் செய்தாள்.