பூதத்துக்குப் போட்ட இலை

முன்னொரு காலத்திலே, வெண்ணாவல் நாட்டு ஏரியின் மடைமேல் ஒரு பூதம் வந்து உட்கார்ந்துகொண்டது. சொட்டுத் தண்ணீர்கூட வயலுக்குப் போகவில்லை. "என்னோடு ஆடி ஜெயித்தால் எழுந்து போகிறேன். தோற்றால் கல்லாகிவிடுவாய்" என்றது.

ஆட்டம் சின்ன ஆட்டம்தான். இருபது கழற்சிக்காய். ஒரு முறைக்கு ஒன்றோ, இரண்டோ, மூன்றோ எடுக்கலாம். கடைசிக் காயை எடுப்பவர் ஜெயித்தவர்.

"என் இடத்துக்கு வந்த விருந்தாளி நீ. முதல் ஆட்டம் உனக்கு" என்று பூதம் குழைவாகச் சொல்லும். விருந்தாளிக்குத் தரும் மரியாதையைத் தட்டினால் அந்த நாட்டில் காறித் துப்புவார்கள்.

மல்லன் போனான், முதலில் ஆடினான், கல்லானான். மந்திரி போனார், முதலில் ஆடினார், கல்லானார். மூன்றாவதாகப் போனவள் அஞ்சுகம். ஊரில் யாரிடமும் எந்த ஆட்டத்திலும் தோற்காதவள். துணைக்குப் போனவள் அவள் அக்கா பூங்காவனம், பூக்கட்டி விற்பவள்.

அஞ்சுகம் காய்களையே பார்த்தாள். "நீங்களே முதல்ல ஆடுங்களேன்" என்றாள்.

அக்கா அவள் இடுப்பில் கிள்ளினாள். "வந்த இடத்துல இப்படியா பேசுவ? மானத்த வாங்காதடி. எடு!"

அஞ்சுகம் எடுத்தாள். கல்லானாள்.

மூன்று வருஷம் பூங்காவனத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பகல், கட்டிக்கொண்டிருந்த சரத்தில் அவள் கை நின்றது. ஒரு முடிச்சுக்கு நாலு பூ. ஒன்று வைத்தால் இன்னும் மூன்று வேண்டும், இரண்டு வைத்தால் இரண்டு, மூன்று வைத்தால் ஒன்று. இருபது என்றால் சரியாக ஐந்து முடிச்சு! முதலில் ஆடுபவர் எதை எடுத்தாலும், அடுத்தவர் மிச்சத்தை எடுத்து நாலாக்கி முடிச்சை முடித்துவிடலாம். ஐந்தாவது முடிச்சில் கடைசிக் காய் அவருக்கு. முதலில் ஆடினாலே தோல்விதான்.

அஞ்சுகத்துக்கு அன்றைக்கே ஏதோ பட்டிருக்கிறது. கிள்ளினது நான்தானே என்று தலையில் அடித்துக்கொண்டாள் பூங்காவனம்.

நேரே மடைக்குப் போனாள். "நாளைக்கு எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க" என்றாள்.

"யாரு, என்னையா?"

"உங்களத்தான்."

"நிஜமா என்னையா?" மூன்று தரம் கேட்டது பூதம். அதை யாரும் அதுவரை எங்கும் கூப்பிட்டதில்லை.

மறுநாள் மத்தியானம், குளித்து, திருநீறு பூசி, புதுத்துண்டு போட்டு, உடம்பைச் சுருக்கிக்கொண்டு வாசலில் குனிந்து வந்தது பூதம். "கொழம்புல உப்பு சரியா இருக்கு தாயி" என்று ஒவ்வொரு கவளத்துக்கும் சொன்னது.

அது கை கழுவிவிட்டு வந்ததுதான் தாமதம், இலையைக்கூட எடுக்காமல் காய்களைப் பரப்பினாள் பூங்காவனம். "என் வீட்டு விருந்தாளி நீங்க. முதல் ஆட்டம் உங்களுக்கு."

பூதம் அவளை நிமிர்ந்து பார்த்தது. "நீ சாப்பிட மட்டுந்தான் கூப்பிட்டதா நெனச்சிட்டேன்."

"என் தங்கச்சிக்கு நீங்க பண்ணின அதே மரியாதைதான்" என்றாள்.

பூதம் மறுக்கவில்லை. மூன்று எடுத்தது, அவள் ஒன்று எடுத்தாள். இரண்டு எடுத்தது, அவள் இரண்டு. ஒன்று எடுத்தது, அவள் மூன்று. ஐந்தாம் முடிச்சும் முடிந்தது. பூதம் புகையாகி, கூரை வழியே போய்விட்டது.

மடை திறந்தது. கல்லெல்லாம் ஆளானது. ராஜா பிற்பாடு பூங்காவனத்துக்கு ஏரிக்கரைப் பூந்தோட்டத்தை எழுதிக் கொடுத்தார். ஆளான கையோடு அஞ்சுகம் வீட்டுக்கு ஓடி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சிருடி."

"போக்கா! பசிக்குது, சோறு போடு" என்ற அஞ்சுகம், அங்கே கிடந்த இலையைப் பார்த்தாள். "யாருக்கா சாப்பிட்டது? ஒரு பருக்கைகூட மிச்சமில்ல. இலைய உள்பக்கமா மடிச்சு வச்சிருக்காங்க பாரு, இந்த வீட்டுக்கு மறுபடி வரணும்னு ஆசப்பட்டிருக்காங்க. யாரு, நம்ம சொந்தமா?"

அந்த இலையை எடுக்கப் பூங்காவனத்துக்கு வெகுநேரம் ஆயிற்று.

அஞ்சுகம் வயிறாரச் சாப்பிட்டாள். வெண்ணாவல் வயலெல்லாம் நிறையத் தண்ணீர் பாய்ந்தது.